அட்டையில் எழுதிய 500 மில்லிகிராம்

பினாங்கின் பாயான் பாருவில் உள்ள எந்த மருந்தகத்திலும், மளிகைக் கடைகள் பலவற்றிலும், மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே வாங்கக்கூடிய வலிநிவாரணி மாத்திரைகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஓர் அட்டையில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் என்றும், அதற்கு அடுத்துள்ள அட்டையில் பாரசிட்டமால் 500 மில்லிகிராம், காஃபின் 65 மில்லிகிராம் என்றும் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் பிதுக்கி எடுத்த பின் இரண்டும் ஒரே வெள்ளை நிறத்தில், ஒரே கசப்போடு இருப்பதால், எது எதுவென்று கண்ணாலோ நாவாலோ சொல்ல இயலாது. தராசும் இங்கு உதவாது. 500 மில்லிகிராம் என்பது மாத்திரையின் எடை அன்று, அதிலுள்ள மருந்தின் எடை மட்டுமே. மாத்திரை உதிராமல் இருக்கவும், வயிற்றில் விரைந்து கரையவும், இயந்திர அச்சில் ஒட்டாமல் வரவும் மாவுச்சத்து, போவிடோன், ஸ்டியரிக் அமிலம் போன்ற துணைப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. நோயைத் தணிக்கும் செயல்படு பொருள் இவற்றோடு கலந்து, பிரித்தறிய முடியாத ஒரே தூளாக அழுந்திக் கிடக்கிறது. அப்படியிருக்க, அட்டையில் எழுதிய எண் உண்மைதான் என்பதை எவரும் எவ்வாறு உறுதி செய்கிறார்கள்?

இந்த எண்ணை நம்பித்தான் அளவு கணக்கிடப்படுகிறது என்பதால் இக்கேள்வி முக்கியமானது. பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருள்களாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுத்தன்மையுள்ள இடைப்பொருளாக மாறுகிறது, அதனையும் கல்லீரலில் உள்ள குளுட்டதையோன் என்னும் பொருள் செயலிழக்கச் செய்கிறது. அளவு மிகும்போது குளுட்டதையோன் தீர்ந்துபோய், நஞ்சு கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. உடல்நலமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பதே உச்ச வரம்பு. சளிக்காய்ச்சல் மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருப்பதால், தலைவலிக்கு ஒன்றும் சளிக்கு ஒன்றுமாக விழுங்குபவர் தாம் அறியாமலே அந்த வரம்பை நெருங்கக்கூடும். அட்டையில் உள்ள எண்ணும் பிழையாக இருந்தால் அவருக்கு எந்தக் காப்பும் மிஞ்சாது.

இந்த எண்ணைச் சரிபார்க்கும் அளவீட்டுக் கருவிகளின் உலகம் பாயான் பாருவுக்கு அந்நியமானது அன்று. பினாங்கு வளர்ச்சிக் கழகம் 1970-களில் இந்நகரை எழுப்பியதே, 1972-இல் தொடங்கப்பட்ட பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தின் தொழிலாளர்கள் குடியிருப்பதற்காகத்தான். அவ்வட்டாரத்துக்கு முதலில் வந்த நிறுவனங்களுள் ஒன்றான ஹியூலட்-பேக்கர்ட், அதற்கு முன்பே 1965-இல் எஃப் அண்ட் எம் சயன்டிஃபிக் என்னும் நிறுவனத்தை வாங்கி, வேதிப்பகுப்பாய்வுக் கருவித் துறையில் கால் பதித்திருந்தது. அத்துறை 1999-இல் அஜிலன்ட் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது; உலகெங்கும் மருந்து ஆய்வகங்களில் காணப்படும் பகுப்பாய்வுக் கருவிகளின் முன்னணித் தயாரிப்பாளர்களுள் ஒன்றாகிய அஜிலன்டுக்கு பாயான் லெப்பாசில் இன்றும் ஆலை உண்டு. வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், மிண்டன் வளாகத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளி 1972 முதல் இயங்கி வருகிறது; நாட்டில் மருந்தாளர் பட்டப்படிப்பு தொடங்கியது அங்குதான்.

ஒரு பொருளின் அளவை அறிய வேதியியலார் நாடும் எளிய வழி ஒளி. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியை ஒரு கரைசலின் வழியே செலுத்தினால், கரைந்துள்ள மூலக்கூறுகள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மூலக்கூறுகள் எத்தனை மிகுதியோ அத்தனை ஒளி குறையும். பாரசிட்டமால் ஏறத்தாழ 243 நானோமீட்டர் அலைநீளத்தில் மிக வலுவாக உறிஞ்சுகிறது, காஃபின் 273 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சுகிறது. ஆனால் இந்த உறிஞ்சல் ஒரு கூர்மையான கோடாக அமையாமல் இரு பக்கமும் விரிந்து பரவுவதால், ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று புகுந்துவிடுகிறது. இரண்டும் கலந்த கரைசலில் ஒளி எவ்வளவு குறைந்தது என்பது தெரியும், அதில் எவ்வளவு எதனால் குறைந்தது என்பது தெரியாது. ஆஸ்பிரினும், அது சிதைந்து உண்டாகும் சாலிசிலிக் அமிலமும் அக்கலவையில் சேர்ந்துவிட்டால் குழப்பம் மேலும் பெருகும். முதலில் பிரி, பிறகு அள என்பதே இதற்கான விடை. பிரிக்கும் கலைக்குப் பெயர் வண்ணப்பிரிகை. குரோமேட்டோகிராஃபி என்றும் வழங்குகிறது.

மருந்துக்காக அன்றி, இலைகளின் நிறத்தை ஆராய்வதற்காகவே இம்முறை பிறந்தது. உருசியத் தாவரவியலாளர் மிகயில் சுவெட், 1903-இல் வார்சாவில் நிகழ்த்திய உரையில் இதன் முதல் வடிவத்தை விளக்கினார். சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயின் உச்சியில் இலைச்சாற்றை ஊற்றி, அதன் மேல் கரைப்பானைத் தொடர்ந்து வடியவிட்டபோது, பச்சையாகத் தோன்றிய சாறு பல பச்சைகளாகவும் மஞ்சள்களாகவும் தனித்தனி வளையங்களாகப் பிரிந்து இறங்கியது. இலையின் பச்சை ஒரே பொருள் அன்று, பல பொருள்களின் கூட்டு என்பதைக் கண்ணாலேயே காணும்படி செய்த அரிய சோதனை அது. ஆயினும் சமகாலத்தவர் அதைப் பெரிதும் மதிக்கவில்லை; சுவெட் 1919-இல் மறைந்த பின், 1931-இல் ஹைடல்பெர்க்கில் ரிச்சர்ட் கூனும் அவருடைய உதவியாளர்களும் கரோட்டின்களைப் பிரிக்க அம்முறையைக் கையாண்டபோதுதான் வேதியியல் உலகம் அதன் ஆற்றலை உணர்ந்தது.

ஒரே குழாயில் ஒரே கரைப்பானால் தள்ளப்படும் பொருள்கள் ஏன் வெவ்வேறு வேகத்தில் இறங்குகின்றன என்பதை, தைப்பூசத்தன்று ஜோர்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலைக்கு நடக்கும் கூட்டத்தை எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரே வேளையில் ஒரே இடத்திலிருந்து ஆயிரம் பேர் புறப்படுகிறார்கள் என்றும், நடக்கும்போது அனைவரின் வேகமும் ஒன்றே என்றும் கொள்வோம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் உள்ளன. விரதம் காரணமாக எந்தப் பந்தலிலும் நில்லாதவர்கள் முதலில் மலையடிவாரத்தை அடைவார்கள். சில பந்தல்களில் மட்டும் நின்று மோர் பருகுபவர்கள் அடுத்து வருவார்கள். ஒவ்வொரு பந்தலிலும் சற்றே அமர்ந்து எழுபவர்கள் கடைசியில் வந்து சேர்வார்கள். புறப்படும்போது கலந்திருந்த கூட்டம், எவரும் கட்டளையிடாமலே, முடிவில் மூன்று குழுக்களாகப் பிரிந்துவிடுகிறது. பந்தல்கள் குறைவாக இருந்தால் குழுக்கள் ஒன்றோடொன்று கலந்தே வரும். பந்தல்கள் எண்ணிக்கையில் மிகுந்து நெருங்கியிருந்தால் குழுக்களுக்கிடையே தெளிவான இடைவெளி விழும். வண்ணப்பிரிகையில் கூட்டம் என்பது மூலக்கூறுகள். அவற்றை முன்னே கொண்டுசெல்லும் கரைப்பான் நகரும் ஊடகம். அவை ஒட்டி நின்று விடுபடும் துகள்களின் மேற்பரப்பு நிலைத்த ஊடகம். குழாயின் முடிவை அடைய ஒரு பொருள் எடுத்துக்கொள்ளும் காலத்துக்குத் தங்கல் நேரம் என்று பெயர்.

நிலைத்த ஊடகத்தின் பரப்பைப் பெருக்க வேண்டுமெனில் துகள்களைச் சிறிதாக்க வேண்டும். ஆனால் துகள் சிறுத்தால் இடுக்குகளும் சிறுத்து, நீர்மம் தானாக வடிய மறுக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளி ஆராய்ச்சி நிலையமொன்றில் பணியாற்றிய ஆர்ச்சர் மார்ட்டின், ரிச்சர்ட் சிங் ஆகிய இருவரும் 1941-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், மிக நுண்ணிய துகள்களையும் மிகுந்த அழுத்தத்தையும் சேர்த்துக் கையாண்டால் உயர்ந்த பிரிப்புத்திறன் கிட்டும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். 1952-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கணிப்பு கருவியாவதற்கோ 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹங்கேரியில் பிறந்த சாபா ஹோர்வாத் உள்ளிட்ட சிலர் அக்கருவியை வடிவமைத்தார்கள். இன்று அது உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை என்றும், ஆய்வகப் பேச்சில் சுருக்கமாக எச்.பி.எல்.சி. என்றும் அழைக்கப்படுகிறது.

இக்கருவியின் இதயம் கைவிரலளவு தடிமனுள்ள ஓர் எஃகுக் குழாய். நீளம் பெரும்பாலும் 15 அல்லது 25 சென்டிமீட்டர், உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர். அதனுள் 5 மைக்ரோமீட்டர் அல்லது அதனினும் சிறிய சிலிக்கா மணிகள் இறுக அடைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மணியும் நுண்துளைகள் நிரம்பியது என்பதால், ஒரு கிராம் மணிகளின் உட்பரப்பு மட்டுமே நூறு சதுர மீட்டரைத் தாண்டும். அப்பரப்பில் பதினெட்டுக் கார்பன் அணுக்கள் கொண்ட, எண்ணெய்த் தன்மையுள்ள சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருக்கும். நீரும் மெத்தனாலும் கலந்த கரைப்பானை ஒரு விசைக்குழாய் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிலிட்டர் வீதம் செலுத்துகிறது. அதற்கே காற்றழுத்தத்தைப் போல் நூறு, இருநூறு மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. நீரைவிட எண்ணெய்த் தன்மையை மிகுதியாக நாடும் மூலக்கூறுகள் சங்கிலிகளில் நெடுநேரம் தங்குகின்றன. நீரை நாடுபவை விரைந்து வெளியேறுகின்றன. குழாயின் முடிவில் புற ஊதா விளக்கும் ஒளியுணரியும் காத்திருக்கின்றன. பொருள் ஒன்று கடக்கும்போதெல்லாம் ஒளி குறைந்து, திரையில் ஓடும் கோடு உயர்ந்து தாழ்ந்து ஒரு முகட்டை வரைகிறது.

பாரசிட்டமால், ஆஸ்பிரின், காஃபின் மூன்றும் சேர்ந்த மாத்திரைகள் உலகின் பல நாடுகளில் விற்பனையாகின்றன. அவற்றை ஆராய, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அமெரிக்க மருந்து நெறிநூல் வகுத்துள்ள முறையில், நீர் 69 பங்கு, மெத்தனால் 28 பங்கு, அசிட்டிக் அமிலம் 3 பங்கு கலந்த கரைப்பான் பயன்படுகிறது. ஒளி 275 நானோமீட்டரில் அளக்கப்படுகிறது. இருபது மாத்திரைகளை எடைபார்த்து ஒன்றாக அரைத்து, அத்தூளில் குறித்த எடையைக் கரைத்து வடிகட்டி, சில மைக்ரோலிட்டர் மட்டும் உள்ளே செலுத்தினால், முதலில் பாரசிட்டமால், அடுத்து காஃபின், பிறகு ஆஸ்பிரின், கடைசியில் சாலிசிலிக் அமிலம் என்ற வரிசையில் முகடுகள் எழுகின்றன. கரைப்பானில் உள்ள அந்தச் சிறிதளவு அமிலம் இன்றியமையாதது. அது இல்லாவிட்டால் ஆஸ்பிரின் மூலக்கூறு மின்னூட்டம் பெற்று, எண்ணெய்ச் சங்கிலிகளைப் புறக்கணித்து நீரோடு ஓடிவிடும். இவ்வரிசையை ஏட்டறிவால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட இயலாது என்பதும் கவனத்துக்குரியது. காஃபின் நீரில் பாரசிட்டமாலைவிடச் சற்று மிகுதியாகவே கரைகிறது, ஆனாலும் குழாயிலிருந்து பாரசிட்டமாலுக்குப் பின்னரே வெளிவருகிறது. கரைதிறன் ஒன்று மட்டும் தங்கல் நேரத்தை முடிவுசெய்வதில்லை. செய்து பார்த்தே அறிய வேண்டும்.

இங்குதான் இம்முறையின் உயிர்நாடியான கேள்வி எழுகிறது. மூன்றாம் நிமிடத்தில் எழுந்த முகடு பாரசிட்டமால்தான் என்று எப்படித் தெரியும்? கருவிக்கு எந்த மருந்தையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நேரமும் ஒளியின் அளவுமே. ஆகவே, தூய்மை முன்பே உறுதிசெய்யப்பட்ட பாரசிட்டமாலை, அதே நாளில், அதே குழாயில், அதே கரைப்பானில் தனியே செலுத்திப் பார்க்கிறார்கள். இதற்கு ஒப்பீட்டுத் தரப்பொருள் என்று பெயர். மருந்து நெறிநூல்களை வெளியிடும் அமைப்புகள் இவற்றை வழங்குகின்றன, ஆசியான் நாடுகளும் கூட்டாகத் தமக்கெனத் தரப்பொருள்களை உருவாக்கி வைத்துள்ளன. இரண்டின் தங்கல் நேரமும் ஒத்திருந்தால் அது ஒரு சான்று. ஆனால் முழுச் சான்று ஆகாது, ஏனெனில் முற்றிலும் வேறான இரு பொருள்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் வெளிவரக்கூடும். அதனால் முகடு கடக்கும் கணத்திலேயே பல அலைநீளங்களில் உறிஞ்சலை அளந்து, அதன் முழு வடிவத்தையும் தரப்பொருளின் வடிவத்தோடு ஒப்பிடுகிறார்கள். அதற்கும் மேல் ஐயம் எழுந்தால் நிறை நிறமாலைமானி உதவிக்கு வருகிறது. அது மூலக்கூறின் நிறையை அளந்து, அதை உடைத்து, உடைந்த துண்டுகளின் நிறைகளையும் பதிவுசெய்கிறது. ஒன்றையொன்று சாராத சான்றுகள் பல ஒரே பெயரைச் சுட்டும்போதுதான் ஆய்வாளர் அப்பெயரை அறிக்கையில் எழுதுகிறார்.

அளவைக் கண்டறிவதும் ஒப்பீட்டின் வழியேதான். முகட்டின் கீழ் அடங்கும் பரப்பு பொருளின் அளவோடு சேர்ந்து வளர்கிறது. எனவே அளவு தெரிந்த நான்கைந்து தரக்கரைசல்களைச் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பரப்பு கிடைக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, மாத்திரைக் கரைசலின் பரப்பு அதில் எங்கு விழுகிறது என்று பார்க்கிறார்கள். செலுத்தும் அளவில் நேரும் சிறு பிசகை ஈடுசெய்ய, மாத்திரையில் இல்லாத பென்சோயிக் அமிலம் போன்ற ஒரு பொருளை எல்லாக் கரைசல்களிலும் ஒரே அளவு கலப்பதும் உண்டு. இது உள்தரப்பொருள் எனப்படும். எல்லாமே சிறிது குறைந்தாலும் மருந்துக்கும் உள்தரப்பொருளுக்கும் உள்ள விகிதம் மாறாது. மாத்திரையைத் தொடும் முன்னரே கருவியும் சோதிக்கப்படுகிறது. ஒரே தரக்கரைசலை ஐந்தாறு முறை செலுத்தி, விடைகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வந்தால் மட்டுமே அன்றைய அளவீடுகள் ஏற்கப்படும்.

முடிவு துல்லியமாக 500 என்று வரவேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. பிரிட்டிஷ் மருந்து நெறிநூல் பாரசிட்டமால் மாத்திரைக்கு 95 முதல் 105 விழுக்காடு வரை இடமளிக்கிறது. அமெரிக்க நெறிநூல் 90 முதல் 110 வரை. ஆக, பிரிட்டிஷ் கணக்கில் 475 முதல் 525 மில்லிகிராம் வரை உள்ள மாத்திரை தேறிவிடும். இருபதை ஒன்றாக அரைத்துப் பெறும் இந்த விடை ஒரு சராசரி மட்டுமே. ஒரு மாத்திரையில் மிகுதியும் மற்றொன்றில் குறைவுமாக இருந்தாலும் சராசரி சரியாகவே தோன்றும். பாரசிட்டமால் மாத்திரையின் பெரும்பகுதியே மருந்தாக இருப்பதால், மாத்திரைகளின் எடை சீராக இருந்தால் மருந்தும் சீராக உள்ளது என்று கொள்ளலாம். காஃபினுக்கு அச்சலுகை இல்லை. 500 மில்லிகிராம் பாரசிட்டமாலோடு சேர்ந்த 65 மில்லிகிராம் காஃபின், துணைப்பொருள்களைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும் எட்டில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கால்பங்குக்குக் குறைவான பொருள் தூளில் சமமாகக் கலந்ததா என்பதை ஒவ்வொரு மாத்திரையாகக் கரைத்துத்தான் அறிய வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. மருந்து உள்ளே இருந்தும் கரையாமல் போனால் பயனில்லை என்பதால், வெதுவெதுப்பான நீர்மத்தில் சுழலவிட்டு, 30 நிமிடத்தில் 80 விழுக்காடு கரைகிறதா என்னும் சோதனையையும் அமெரிக்க நெறிநூல் கேட்கிறது.

ஆலையிலிருந்து வெளிவரும் நாளில் சரியாக இருந்த மாத்திரை, கடையில் ஓராண்டு கிடந்த பின்னும் சரியாக இருக்குமா என்பது பினாங்கு போன்ற ஊரில் இன்னும் கனமான கேள்வி. ஆஸ்பிரின் ஈரத்தோடு வினைபுரிந்து சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடைகிறது. பழைய ஆஸ்பிரின் குப்பியைத் திறந்தால் வினிகர் மணம் வீசுவது அதனால்தான். சாலிசிலிக் அமிலமோ வயிற்றை இன்னும் மிகுதியாக உறுத்தும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளுக்கென ஆசியான் வகுத்துள்ள நெறியின்படி, மாத்திரைகளை 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் நெடுங்காலம் வைத்திருந்து, குறித்த மாதங்களில் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆஸ்பிரின் முகடு மெல்லத் தாழ்ந்து, வரிசையின் கடைசியில் சாலிசிலிக் அமில முகடு உயரத் தொடங்குவதை நீர்ம வண்ணப்பிரிகை தெளிவாகக் காட்டிவிடும். அட்டையில் அச்சிடப்படும் காலாவதித் தேதி இத்தகைய பதிவுகளிலிருந்து பெறப்படுவதே அன்றி, வணிகர் விருப்பப்படி எழுதுவது அன்று. காரின் உள்ளேயும் அடுப்பங்கரை அலமாரியிலும் மாத்திரைகளை வைப்பவர்கள், அத்தேதி எந்தச் சூழலுக்காகக் கணக்கிடப்பட்டதோ அதைவிடக் கடுமையான சூழலில் அவற்றை வைக்கிறார்கள்.

பாரசிட்டமாலும் சிதைவுக்கு விலக்கன்று. அதைத் தயாரிக்கும் வழியிலும், அது சிதையும் வழியிலும் 4-அமினோஃபீனால் என்ற பொருள் தோன்றுகிறது. சிறுநீரகத்துக்குத் தீங்கானது என்பதால், மூலப்பொருளில் பத்து இலட்சம் பங்குக்கு 50 பங்கு என்ற அளவுக்கு மேல் அது இருக்கக் கூடாது என ஐரோப்பிய நெறிநூல் வரையறுக்கிறது. பாரசிட்டமாலின் மாபெரும் முகட்டுக்கு அருகே அந்தச் சிறு முகட்டைத் தனியே காண்பது, இரண்டும் முழுதாகப் பிரிந்து வருவதால்தான் இயலுகிறது.

ஆயினும் இக்கருவிக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறந்தால் விளைவு கொடியது. புற ஊதா ஒளியை உறிஞ்சாத பொருள் குழாயைக் கடந்தாலும் ஒளியுணரி அதைக் காணாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலைக் கரைப்பான் அத்தகையது. விலை மலிவாலும் கவனக்குறைவாலும் மருந்துப் பாகுகளில் புகுந்து சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்வது. 1995, 1996-ஆம் ஆண்டுகளில் ஹைத்தியில் பாரசிட்டமால் பாகு குடித்த குழந்தைகள் பலர் இதனால் மாண்டார்கள். 2025-இல் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்னும் சளிப்பாகில் இந்நஞ்சு 48.6 விழுக்காடு இருப்பதைத் தமிழ்நாட்டு அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தார்கள். அப்பாகின் செயல்படு பொருள்களுள் ஒன்று பாரசிட்டமால். இத்தகைய பாகில் பாரசிட்டமாலின் அளவை மட்டும் சோதிக்கும் ஆய்வகத்துக்கு எல்லாம் சரியாகவே தோன்றலாம். இந்நஞ்சைக் காண, பொருளை ஆவியாக்கிப் பிரிக்கும் வளிம வண்ணப்பிரிகை போன்ற வேறு சோதனை வேண்டும். என்ன கேள்வி கேட்பது என்பதை முடிவுசெய்வது மனிதரே. அக்கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு எந்தக் கருவியையும் பொறுப்பாக்க முடியாது.

மலேசியாவில் மற்றொரு வகை ஏமாற்று அடிக்கடி அகப்படுகிறது. மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் மூலிகை மருந்து என்று விற்கப்படும் மாஜுன், ஜாமு வகைகளிலும், பெயர் தெரியாத கேப்சூல்களிலும், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளும் டைக்ளோஃபினாக், பாரசிட்டமால் போன்ற வலிநிவாரணிகளும் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் அறிவித்து வந்துள்ளது. வேரும் பட்டையும் பொடியாகிக் கலந்த நூற்றுக்கணக்கான இயற்கைப் பொருள்களின் நடுவே, ஓரிரு மில்லிகிராம் டெக்சாமெத்தசோனைத் தேடிப் பிடிப்பது எளிய வேலை அன்று. நீர்ம வண்ணப்பிரிகை முதலில் அந்தக் கூட்டத்தைப் பிரித்து நிறுத்துகிறது, நிறை நிறமாலைமானி ஒவ்வொன்றின் நிறையையும் பார்த்து ஒளிந்திருப்பதைச் சுட்டுகிறது. இம்மருந்து குடித்தவருக்கு வலி ஓரிரு நாளில் பறந்துவிடும் என்பதே இதன் ஆபத்து. தொடர்ந்து குடித்தால் முகம் வட்டமாக வீங்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு நின்றுபோகும் என்பதால், திடீரென நிறுத்தினாலும் உயிருக்கே தீங்கு நேரலாம். நீரிழிவு மிகுந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதியோரின் கைக்கு இத்தகைய புட்டிகள் எளிதாகச் சென்று சேர்வது மெய்யாகவே கவலைக்குரியது.

இச்சோதனைகளுக்கெல்லாம் நாட்டில் பொறுப்பேற்பது பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம். 1978-இல் தொடங்கிய இதன் ஆய்வகம், பதிவுக்கு வரும் மருந்துகளையும், பதிவான பின் கடைகளிலிருந்து எடுத்துவரும் மாதிரிகளையும் சோதிக்கிறது. 1984-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் பதிவு பெறாமல் எந்த மருந்தையும் விற்க முடியாது. பாரம்பரிய மருந்துகளும் 1992 முதல் இதற்குள் வந்துவிட்டன. பினாங்கிலோ, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்குகிறது; பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு மாற்றுமருந்தான அசிட்டைல்சிஸ்டீனை எப்போது, எவ்வளவு தருவது என்று மருத்துவர்கள் அங்கு கேட்டறியலாம். பல்லாண்டுகள் எஸ். எம். முகமது இட்ரிஸ் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், ஆபத்தான மருந்துகளைப் பற்றித் தமிழிலும் எழுதியும் பேசியும் வந்துள்ளது.

வலிநிவாரணி வாங்கும் எவரும் பணம் கொடுக்கும் முன் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணைத் தேட வேண்டும். அதில் எண்களை அடுத்து எக்ஸ் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது சீட்டின்றி விற்கக்கூடிய மருந்து, டி என்ற எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து; எண்ணை ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பட்டியலில் சரிபார்ப்பதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. எண் இல்லாத புட்டியை, கொடுப்பவர் எத்தனை நெருங்கிய உறவினராக இருந்தாலும், வாங்கி வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அதைச் சில வாரங்களாகக் குடித்து வருபவர் இருந்தால், தாமாக நிறுத்தச் சொல்லாமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.